அஞ்சு ரூபா டிக்கெட்டுக்கு இவ்வளவு வாயா?

சென்னையில் ரயில் நிலையத்துக்குள் சும்மா நிற்க 10 ரூபாய். அங்கிருந்து மின்சார ரயிலேறிப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போக 5 ரூபாய். மாமியாரை வழியனுப்ப வரும் மாப்பிள்ளை பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தால் இரண்டு மணி நேரம் நிற்கலாம். மாமியாரோடு அவரும் கிளம்பிவிட்டால் பாதிக் காசு மிச்சம். குடும்ப ஒற்றுமைக்கு ரயில்வே இப்படியொரு ஊக்கத்தொகை கொடுத்து வருவதை நாம் இதுவரை பாராட்டியதே இல்லை. 2022 அக்டோபரில் பண்டிகைக் கூட்டத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லி சென்ட்ரல், எழும்பூர், தாம்பரம் போன்ற நிலையங்களில் நிற்கும் கட்டணத்தை 20 ரூபாயாக்கினார்கள். போகும் கட்டணம் அதே 5 ரூபாயில் நின்றது. விவரமானவர்கள் அப்போதும் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஒரு டிக்கெட்டை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, எங்கேயும் போகாமல் நின்றார்கள். இந்தக் கட்டணப் பட்டியலைப் போட்டவர் எவரோ, நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர்.

அந்த 5 ரூபாய் டிக்கெட்டை எடுக்காமல் பிடிபட்டால் அபராதம் 250 ரூபாய், அதோடு டிக்கெட் காசு தனி. ஐம்பது மடங்கு. ஓசியில் போகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, கட்டட்டும். ஆனால் ரயில் அரை மணி நேரம் தாமதமாக வந்தால் ரயில்வே நமக்கு எத்தனை மடங்கு கட்டும்? ஒலிபெருக்கியில் ஓர் அம்மாள் மூன்று மொழியில் வருத்தம் தெரிவிப்பார். அதுவும் எப்போதோ பதிவு செய்து வைத்த குரல். வருந்துவதற்குக்கூட அங்கே ஆள் கிடையாது.

இதைப் பற்றி வாய் திறந்து பாருங்கள், உடனே ஒரு பதில் வரும்: “அஞ்சு ரூபா டிக்கெட்டுக்கு இவ்வளவு வாயா?” சொல்பவர் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. ரயிலே ஏறாத கார்க்காரர் சொல்வார். நம் காலை மிதித்துக்கொண்டு நிற்கும் சக பயணியே சொல்வார். கழிப்பறை பூட்டிக் கிடக்கிறதா? அஞ்சு ரூபாதானே. குழாயில் தண்ணீர் வரவில்லையா? அஞ்சு ரூபாதானே. எஸ்கலேட்டர் நின்றுபோய் வெறும் படிக்கட்டாகிவிட்டதா? அஞ்சு ரூபாய்க்கு அதில் ஏறி வேறு போக வேண்டுமா! இந்த மலிவான டிக்கெட்டைக் கொடுத்து நம் வாயை மொத்த விலைக்கு வாங்கிவிட்டார்கள். இந்திய ரயில்வே செய்த வியாபாரங்களிலேயே கொள்ளை லாபம் தந்தது இதுதான்.

அந்த மலிவையும் கொஞ்சம் அளந்து பார்த்துவிடலாம். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர், கட்டணம் 10 ரூபாய். கிலோமீட்டருக்கு 33 காசு. மறுப்பதற்கில்லை, மலிவுதான். ஆனால் கோடம்பாக்கத்தில் ஏறி மாம்பலத்தில் இறங்குகிறவர் 2 கிலோமீட்டர்கூடப் போவதில்லை. அவருக்கு 5 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல். தாம்பரத்துக்காரரைப்போல் ஏழெட்டு மடங்கு. கோவைக்கு வந்தே பாரத்தில் போகிறவர் கொடுக்கும் விகிதத்தோடு இது தோளுரசி நிற்கிறது. அவருக்கு ஏசி, சாய்மானம், கையில் தட்டு. இவருக்கு மேலே தொங்கும் ஒரு கைப்பிடி, அதையும் ஏற்கெனவே வேறொருவர் பிடித்திருப்பார். குறைந்தபட்சக் கட்டணம் எல்லா வண்டியிலும் உண்டு, அதில் குற்றமில்லை. ஆனால் கொடுக்க வேண்டியதற்கு மேலேயே கொடுத்துவிட்டுப் போகிற இந்த மனிதரிடம் மானியப் பாட்டு பாடக் கூடாது.

பாடினார்கள். 2016-இல் டிக்கெட்டிலேயே அச்சடித்துப் பாடினார்கள். பயணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே உங்களிடம் வசூலிக்கிறது என்று ஒரு வரி. மீதி 43 சதவீதத்தை நாட்டின் சாமானிய மக்கள் சுமக்கிறார்கள், தெரியுமா என்று இன்னொரு வரி. விடியற்காலை கூடையோடு ஏறுகிற பூக்காரம்மாவின் கையிலும் அந்தச் சீட்டைத் திணித்தார்கள். யாரம்மா அந்தச் சாமானிய மக்கள்? அவரைவிடச் சாமானியரை எந்த ஊரில் போய்த் தேடுவது? சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறவர் அவர். தன்னைத் தானே சுமந்துகொண்டு போகிறவரிடம், ‘உன்னை ஊரார் சுமக்கிறார்கள்’ என்று காகிதத்தில் அடித்துக் கொடுத்து, அதற்குக் காசும் வாங்கிக்கொள்வதற்கு ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும். அந்தச் ‘சராசரி’ இருக்கிறதே, அது படுக்கை விரித்துப் படுத்துப் போகிறவரையும் ஒற்றைக் காலில் நிற்கிறவரையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியெடுத்த கூட்டு. நிற்கிறவரின் பங்கு அதில் எவ்வளவு என்று எந்தச் சீட்டிலும் அச்சடிக்கவில்லை.

சரி, மானியத்தோடோ மானத்தோடோ, அந்த டிக்கெட்டை வாங்குவதாவது சுலபமா? மாலை ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு ஸ்டேஷன் கவுண்டருக்குப் போங்கள். நான்கு ஜன்னல் இருக்கும், ஒன்று திறந்திருக்கும். தானியங்கி இயந்திரங்களில் ஒன்று செத்துக் கிடக்கும், இன்னொன்று யோசித்துக்கொண்டிருக்கும். வரிசையில் ஒரு பெண்ணின் முறை வரும்.

“சார், கிண்டி ஒண்ணு.”

“சில்லறை குடும்மா.”

“நூறு ரூபாதான் சார் இருக்கு.”

“நூறு ரூபா குடுத்தா தொண்ணூத்தஞ்சுக்கு நான் எங்கம்மா போவேன்? ஓரமா நில்லு. அடுத்து யாரு?”

பின்னாலிருக்கும் பையன் எட்டிப் பார்த்து, “அக்கா, நானும் கிண்டிதான். ரெண்டா எடுத்துரலாம், எங்கிட்ட பத்து ரூபா இருக்கு” என்பான். பிரச்சினை தீர்ந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சீட்டு விழும். இப்போது சிக்கல் என்னவென்றால், அக்கா பெண்கள் பெட்டியில் ஏற வேண்டும், பையன் பொதுப் பெட்டியில் ஏற வேண்டும், சீட்டோ ஒன்று. அது யார் கையில் இருந்தாலும் மற்றவருக்கு 250 ரூபாய் காத்திருக்கிறது. முன்பின் தெரியாத இரண்டு பேரைக் கிண்டி வரைக்கும் பிரிய விடாமல் கட்டிப்போடுகிற வேலையை அக்னி சாட்சிக்குப் பிறகு புறநகர் டிக்கெட்தான் செய்கிறது.

செல்போனில் எடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். 2015-இல் சென்னைக்கு யூடிஎஸ் செயலி வந்தது. காகிதமில்லாத டிக்கெட்டை ஸ்டேஷனுக்குள் நின்றோ தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றோ எடுக்க முடியாது என்பது அதன் விதி. செக்கிங்கைப் பார்த்ததும் அவசர அவசரமாக எடுத்துவிடுவோமாம். அவநம்பிக்கையிலாவது ரயில்வே ஒரு நாளும் தாமதித்ததில்லை. அதனால் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்த மனிதர், செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மறுபடி ரோட்டைப் பார்த்துப் பின்னாலேயே நடப்பார். பஸ் ஹாரன் அடிக்கும், ஆட்டோக்காரர் திட்டுவார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ என்று செயலி சொல்லும். ரயிலில் ஏறுவதற்கு ரயிலை விட்டு விலக வேண்டும் என்பது ஞானிகளின் உபதேசம் மாதிரி இருந்தாலும், ஜிஎஸ்டி சாலையில் அதைக் கடைப்பிடிப்பது உயிருக்கு ஆபத்து. பிற்பாடு ஸ்டேஷனிலேயே கியூஆர் அட்டை ஒட்டினார்கள், அதை ஸ்கேன் செய்து உள்ளிருந்தே எடுக்கலாம். 2025 ஜூலையில் ரயில்ஒன் என்று இன்னொரு செயலி, செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்குமாகச் சென்னை ஒன் என்று மற்றொன்று. கேட்காமலே செயலியாக வந்து குவிகிறது. கூடுதலாகக் கேட்ட ரயில்தான் வரக் காணோம்.

வந்தது, ஒன்று வந்தது. 2025 ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயில் விட்டார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், அதிகபட்சம் 105. வெயிலில் வேகிற ஊருக்கு ஏசி வேண்டாம் என்று எவனும் சொல்ல மாட்டான். ஆனால் இதே ஊரில் மெட்ரோவிலும் ஏசி இருக்கிறது. அங்கே 2 கிலோமீட்டருக்கு 10 ரூபாய், 5 கிலோமீட்டர் வரை 20, கியூஆர் டிக்கெட்டோ பயண அட்டையோ இருந்தால் அதிலும் 20 சதவீதம் தள்ளுபடி. புதிதாகப் பாதாளத்தில் துளை போட்டு ஓடுகிற ரயிலில் குறைந்தபட்சம் 10, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மின்சாரத்தில் ஓடுகிற பாதையில் குறைந்தபட்சம் 35. இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்குகிறவரிடம், ‘குளிர் வேண்டுமென்றால் ஏழு மடங்கு கொடு, இல்லையென்றால் தொங்கு’ என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் மனிதன் கௌரவமாக நின்று போகிற மாதிரி ஒரு கட்டணமும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

சென்னைக்காரருக்காவது 5 ரூபாய் 5 ரூபாயாகவே இருந்தது. ஊர்நாட்டில் நடந்த கொள்ளையைக் கேளுங்கள். 2020-இல் கொரோனா வந்து ரயில்கள் நின்றன. மறுபடி ஓடத் தொடங்கியபோது, பழைய பாசஞ்சர் ரயில்களுக்குப் பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்ணைக் கொடுத்து, ‘சிறப்பு ரயில்’ என்று பெயர் வைத்து, எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கினார்கள். பெட்டி அதேதான், இன்ஜின் அதேதான். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய். திருச்செந்தூர்ப் பாதையில் ஆறுமுகநேரியில் ஏறிக் காயல்பட்டினத்தில் இறங்குகிற தூரத்துக்கும் எக்ஸ்பிரஸ் காசு. பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த வாத்தியார்களெல்லாம் அந்த ரயிலில் 20 ரூபாய் கூடுதலாகக் கட்டித் தங்கள் பாடத்தைத் திருத்திக்கொண்டார்கள்.

ஏன் என்று கேட்டபோது 2021 பிப்ரவரியில் ரயில்வே அமைச்சகம் கொடுத்த விளக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி வைக்கலாம். தவிர்க்கக்கூடிய பயணங்களை மக்கள் மேற்கொள்ளாமல் இருப்பதற்காகக் குறுந்தூர ரயில்களில் ‘சற்றே’ கூடுதலாகக் கட்டணம் வைத்திருக்கிறார்களாம். மும்மடங்குக்குப் பெயர் சற்றே. கூலி வேலைக்கும் அரசாஸ்பத்திரிக்கும் போகிறவர் தவிர்க்கக்கூடிய பயணி. அவர் வீட்டிலேயே இருந்து தவிர்த்துக்கொள்ளலாம், முதலில் சோற்றை, பிறகு மாத்திரையை. ஊரடங்கு முடிந்தது, முகக்கவசம் குப்பைக்குப் போனது, சினிமாத் தியேட்டர் நிரம்பியது. அந்தப் பூஜ்ஜியக் கட்டணம் மட்டும் அசையவில்லை. கடைசியில் 2024 பிப்ரவரியில் பழையபடி 10 ரூபாயாக்கினார்கள். தொற்று ஓய்ந்து எவ்வளவோ நாளாகியும் வராத கருணை, நாடாளுமன்றத் தேர்தல் வாசலுக்கு வந்த மாதத்தில் வந்து சேர்ந்தது.

இது புதிய பழக்கமும் அல்ல. 2014 ஜூனில், மத்தியில் புதிய ஆட்சி வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், கட்டணத்தை 14.2 சதவீதம் ஏற்றினார்கள். புறநகர் மாத சீசன் டிக்கெட்டுக்கு அதுவரை 15 ஒற்றைப் பயணத்தின் காசு, அதை 30 பயணத்தின் காசாக்குவதாகவும் சொன்னார்கள். மும்பை கொதித்தது. மகாராஷ்டிர எம்.பி.க்கள் அமைச்சரிடம் ஓடினார்கள். நான்கைந்து நாளில் சீசன் டிக்கெட் பழைய கணக்குக்குத் திரும்பியது, 80 கிலோமீட்டர் வரை புறநகர் இரண்டாம் வகுப்புக்கு ஏற்றமில்லை என்றார்கள். அந்த அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் சட்டமன்றத் தேர்தல். 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் நெடுந்தூரக் கட்டணத்தைக் கிலோமீட்டருக்கு ஒரு காசு, இரண்டு காசு என்று ஏற்றியபோதும் புறநகர் ரயிலைத் தொடவில்லை. புறநகர் ரயில் ஓடும் தமிழ்நாட்டுக்கும் மேற்கு வங்கத்துக்கும் 2026-இல் தேர்தல். நாம் எவ்வளவு தூரம் போகிறோம் என்று பார்த்தா கட்டணம் வைக்கிறார்கள்? தேர்தல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து வைக்கிறார்கள்.

கட்டணத்தை ஏற்றவில்லை என்பதை மட்டும் தம்பட்டம் அடிக்கிறார்கள். ஏற்றாமல் விட்ட காசை எப்படி வசூலிக்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவில் நான்காவது பாதை போட வேண்டுமென்று 2023 ஆகஸ்டில் பறக்கும் ரயிலைக் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை இடையே நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள், பதினான்கு மாதமானது. அந்தப் பதினான்கு மாதமும் ஷேர் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் அழுத காசு எந்த டிக்கெட்டில் அச்சாகியிருக்கிறது? வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர். 2008-இல் தொடங்கிய வேலையைப் பதினைந்து வருஷத்துக்கு மேல் இழுத்தார்கள். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி பஸ் நிலையத்தைத் திறந்தார்கள், பக்கத்திலேயே போகும் பாதையில் ரயில் நிற்க ஒரு ஸ்டேஷன் கட்டி முடிக்காமல் திறந்தார்கள். ஊரிலிருந்து விடிகாலையில் வந்திறங்கிய குடும்பம், மூட்டை முடிச்சோடு ஊரப்பாக்கத்துக்கோ வண்டலூருக்கோ போய் 10 ரூபாய் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆட்டோவுக்கு அரசு 2013-இல் வைத்த குறைந்தபட்சக் கட்டணம் 25 ரூபாய். அந்த ரேட்டைச் சொல்லி ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டுப் பாருங்கள், சிரிக்காமல் போகிற டிரைவர் கிடைத்தால் அவருக்குச் சிலை வைக்கலாம். 10 ரூபாய் ரயிலுக்குப் போக 100 ரூபாய் ஆட்டோ. மானியம் யாருக்கு யார் கொடுக்கிறார்கள் என்று இப்போது கணக்குப் போடுங்கள்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற பெண்ணுக்குப் பத்து நிமிஷம் தாமதமானால் அரை நாள் சம்பளம் போகும். ரயிலை யார் தாமதமாக்கினார்கள் என்று கடை மேனேஜர் விசாரணைக் கமிஷன் வைக்க மாட்டார். அவள் கட்டிய டிக்கெட் 10 ரூபாய், அதற்கு மேல் இழந்தது முந்நூறு, நானூறு. அந்த அரை நாளுக்குப் பயந்துதான் அடுத்த வண்டிக்குக் காத்திருக்காமல் ஜனம் படியில் தொங்குகிறது. 2018 ஜூலை 24-ஆம் தேதி காலை, வழக்கமான பாதையில் கோளாறு என்று ரயிலை வேறு பாதையில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலை ஸ்டேஷனில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் சுவர். படியில் தொங்கியபடி வேலைக்கும் படிப்புக்கும் போன பிள்ளைகள் அதில் மோதிச் செத்தார்கள். உடனே நமக்குக் கிடைத்தது, படியில் பயணம் நொடியில் மரணம் என்கிற பழைய எச்சரிக்கைதான். உள்ளே இடம் இருந்தும் வெளியே தொங்கினார்கள் என்பது மாதிரி.

டிக்கெட்டில் மானிய வாசகம் அச்சடித்த அதே 2016-இன் ஜூன் மாதம், நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் காலை நேரத்தில், வேலைக்குப் போக ரயிலுக்காகக் காத்திருந்த இளம்பெண்ணை ஆள் நடமாட்டத்துக்கு நடுவே வெட்டிக் கொன்றார்கள். நகரத்தின் நடுமையத்திலுள்ள அந்த ஸ்டேஷனில் ஒரு கண்காணிப்பு கேமராகூட இல்லை. நமக்கு எத்தனை சதவீதம் பிச்சை போடுகிறோம் என்று கோடிக்கணக்கான சீட்டில் அச்சடிக்க மசி இருந்தது, பிளாட்பாரத்தில் கேமரா வைக்கக் காசில்லை. அஞ்சு ரூபா டிக்கெட்டுக்கு இவ்வளவு வாயா என்று அந்தப் பெண்ணின் தகப்பனிடம் போய்க் கேட்க எவனுக்காவது தைரியம் இருக்கிறதா?

லண்டனில் ரயிலுக்கு எவ்வளவு கொடுக்கிறான் தெரியுமா என்று கேட்கும் அன்பர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தெரியும் ஐயா. அங்கே சம்பளம் எவ்வளவு என்பதும் தெரியும். ஒரு வண்டியை விட்டால் சில நிமிஷத்தில் அடுத்தது வரும் என்பதும் தெரியும். அவன் கட்டணத்தை இங்கே கொண்டு வருவதற்கு முன்னால் அவன் கால அட்டவணையைக் கொண்டு வாருங்கள், பேசலாம்.

இனிக் கட்டணத்தை ஏற்றச் சொல்கிறேன் என்று எவரும் திரித்துவிட வேண்டாம். வேலைக்குப் போகிறவனைக் குறைந்த காசில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நகரத்தை நடத்துகிறவர்களின் கடமை. அவன் போய்ச் சேர்ந்தால்தான் இங்கே கடை திறக்கும், ஆபீஸ் ஓடும், ஆஸ்பத்திரியில் தரை துடைபடும், கட்டடம் எழும்பும். அதனால் வரும் லாபத்தில் அந்த 5 ரூபாய்க்காரனுக்குப் பங்கில்லை, ரயிலில் வரும் நஷ்டம் மட்டும் அவன் தலையில். இந்தக் கணக்கைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. டிக்கெட்டில் அச்சடிக்கும் ஆசை மறுபடி வந்தால், இந்தத் தடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை ரயில் ரத்து, எத்தனை தாமதம், எத்தனை ஸ்டேஷனில் கழிப்பறை திறந்திருக்கிறது, போன வருஷம் தண்டவாளத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று அச்சடியுங்கள். அத்தனைக்கும் அந்தத் துண்டுச் சீட்டில் இடம் போதாது என்றால், கவுண்டருக்குப் பக்கத்தில் பலகை போட்டு எழுதி வையுங்கள். வரிசையில் நிற்கிற அரை மணி நேரத்தில் படித்துக்கொள்கிறோம்.

5 ரூபாய்க்கு டிக்கெட் வாங்கினோம். வாயை விற்கவில்லை.